விழுவதையும் எறிவதையும் கையில் கிடைப்பதை வைத்தே காட்ட முடியுமா?

கேட்டுப்பார்:

ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைகள் சிலருக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். சமன்பாட்டைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள், கணக்கும் போடுவார்கள். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு, பெரிய கல்லும் சின்னக் கல்லும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் எது முதலில் தரையைத் தொடும் என்று கேட்டால், யோசிக்காமல் பெரிய கல் என்கிறார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேசையிலிருந்து பக்கவாட்டில் உருட்டிவிட்ட கோலி, நேராகக் கீழே போட்ட கோலியைவிடத் தாமதமாகத்தான் விழும், ஏனென்றால் அது நீண்ட வழியில் போகிறது என்று ஒரு மாணவி சொன்னாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆய்வுக்கூடம், வெற்றிடக் குழாய் எதுவும் கிடையாது. வீட்டில் இருக்கும் பொருளை வைத்து, பார்த்ததும் அல்லது கேட்டதும் புரிகிற மாதிரி என்னென்ன செய்து காட்டலாம்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

சாய்தளம்:

அந்த மாணவிக்கு முதலில் இரண்டு நாணயம். வேறு எதையும் விட இதைத்தான் சொல்வேன்.

மேசை விளிம்பில் ஒரு ஸ்கேலைச் சாய்வாக வையுங்கள். ஒரு முனை மேசை மேல் உள்ளே இருக்கட்டும், மறுமுனை விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். நீட்டிய முனை மேல் ஒரு நாணயம். மேசை மேல், ஸ்கேலுக்கும் விளிம்புக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடம் கிடைக்கும் இல்லையா, அங்கே ஸ்கேலை ஒட்டி இன்னொரு நாணயம். உள்முனையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்கேலை விளிம்புப் பக்கமாகச் சட்டென்று தட்டுங்கள். நீட்டிய முனையில் இருந்த நாணயத்துக்கு அடியிலிருந்து ஸ்கேல் நழுவிவிடும், அது ஏறக்குறைய நேராகக் கீழே விழும். மற்றது அடி வாங்கிப் பக்கவாட்டில் பாயும்.

இதைப் பார்க்கச் சொல்லாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பொருள் இரண்டு திசையில் போகும்போது கண் எதைப் பின்தொடர்வது என்று குழம்பும், காது குழம்பாது. வெறும் தரையாக இருந்தால் ஒரே ஒரு ‘டக்’ கேட்கும். மேசை 75 செ.மீ. உயரம் என்றால் இரண்டுக்கும் சுமார் 0.39 விநாடிதான். மெதுவாகத் தட்டி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போனால் 39 செ.மீ. தள்ளி விழும், 2 மீட்டர் வேகத்தில் போனால் 78 செ.மீ. தள்ளி விழும். நேரம் மாறாது. பலமாகத் தட்டுங்கள், மெதுவாகத் தட்டுங்கள், எப்படித் தட்டினாலும் அந்த ஒற்றைச் சத்தம் பிரியாது என்பதுதான் அவளை மாற்றும்.

ஆனால் தட்டுவதற்கு முன்னால் எத்தனை சத்தம் கேட்கும் என்று ஒவ்வொருவரையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதாமல் செய்தால், கேட்ட பிறகு எல்லோரும் எனக்கு முன்னாடியே தெரியும் என்பார்கள், அத்தோடு மறந்தும் போகும்.

கல்லெறி:

நாணயம் நல்லதுதான். ஆனால் வரிசை தப்பு என்று நினைக்கிறேன். பிள்ளைகள் பெரிய கல் முதலில் விழும் என்று சொல்வது வெறும் அறியாமை இல்லை, அவர்கள் தினமும் பார்ப்பது அதைத்தான். இலை மெதுவாக விழுகிறது, கல் வேகமாக விழுகிறது. கண்ணால் கண்டதைப் பொய் என்று சொல்லி ஆரம்பித்தால் நம்மைத்தான் நம்ப மாட்டார்கள். முதலில் காற்றைக் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

அதற்குத் தாளும் புத்தகமும் போதும். இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள், தாள் ஆடி ஆடி விழும். புத்தகத்தின் மேலேயே அந்தத் தாளை வைத்துப் போடுங்கள். தாள் புத்தகத்தைவிடச் சின்னதாக, விளிம்பைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒட்டினாற்போல வந்து சேரும். உடனே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, புத்தகத்துக்குப் பின்னால் வரும் காற்றுதான் தாளை அழுத்தி இழுத்து வருகிறது என்று மறுக்கும். நல்ல மறுப்பு, அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது, பாராட்டிவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்: அதே தாளை இறுகக் கசக்கி உருண்டையாக்கிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். எடை துளியும் மாறவில்லை, உருவம்தான் மாறியது. மார்பு உயரத்திலிருந்து போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

இதற்குப் பிறகு கலிலியோவின் கேள்வியைக் கேளுங்கள். கனமான கல் வேகமாகவும் லேசான கல் மெதுவாகவும் விழும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் கயிற்றால் கட்டினால் என்ன ஆகும்? மெதுவானது வேகமானதை இழுத்துப் பிடிக்கும், ஆகவே சேர்ந்த வேகம் குறைய வேண்டும். ஆனால் கட்டிய பிறகு மொத்த எடை கூடியிருக்கிறது, ஆகவே வேகம் கூடவும் வேண்டும். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடக்கும்? பொருளே வேண்டாம், கேள்வி மட்டும் போதும். பிள்ளைகள் இதில் மாட்டிக்கொண்டு வாதாடுவது போல வேறெதிலும் வாதாடிப் பார்த்ததில்லை.

பைசா கோபுரக் கதையைச் சொல்லாமல் விடலாம். கலிலியோ அங்கிருந்து குண்டு போட்டார் என்பதை அவருடைய சீடர் விவியானிதான் பிற்பாடு எழுதினார், வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. அதற்குப் பதில் ஃபிளெமிஷ் கணிதவியலாளர் சைமன் ஸ்டெவினைச் சொல்லுங்கள். 1586 இல் அவர் வெளியிட்ட நூலிலேயே இந்தச் சோதனை இருக்கிறது: ஒன்றைவிட மற்றொன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகை மேல் போட்டார், ஒரே சத்தமாகக் கேட்டது என்று எழுதினார். பாருங்கள், அவரும் காதைத்தான் நம்பினார்.

நட்டும்நூலும்:

காது என்று பேச்சு வந்துவிட்டதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், அதைக் காதால் கேட்க வைக்கலாம்.

இரண்டு மீட்டர் நீள நூல் இரண்டு, பத்து நட்டு, ஓர் உலோகத் தட்டு. முதல் நூலில் சம இடைவெளியில், 40 செ.மீ.க்கு ஒன்றாக ஐந்து நட்டு கட்டுங்கள். கீழ் நட்டு தட்டைத் தொடும்படி தூக்கிப் பிடித்து விட்டுவிடுங்கள். டக்… டக்.. டக். டக் என்று சத்தம் நெருங்கி நெருங்கி வரும். மேலே இருந்த நட்டு வந்து சேரும்போது வேகம் கூடிவிட்டதால் அதே 40 செ.மீ.யைச் சீக்கிரம் கடக்கிறது.

இரண்டாவது நூலில் கீழ்முனையிலிருந்து 0, 10, 40, 90, 160 செ.மீ. தூரங்களில் கட்டுங்கள். விட்டால் தாளம் போட்ட மாதிரி ஒரே சீராக விழும், சுமார் 0.14 விநாடிக்கு ஒன்று. 10, 40, 90, 160 என்பது 1, 4, 9, 16. நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எடுத்தால் 10, 30, 50, 70. அதாவது 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை வரிசை. கலிலியோ சாய்பலகையில் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை எடைபோட்டு நேரம் அளந்து கண்டுபிடித்த அதே வரிசை, 1638 இல் வந்த நூலில் இருக்கிறது.

எந்த நூல் சீராக ஒலிக்கும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால், சம இடைவெளி நூலைத்தான் பெரும்பாலோர் காட்டுவார்கள். நட்டு கொஞ்சம் கனமாக இருக்கட்டும், நூலை விடும்போது உதறாமல் விடுங்கள்.

கேட்டுப்பார்:

நட்டு யோசனை அருமை, இந்த வாரமே செய்கிறேன். இன்னொரு சந்தேகம், எனக்கு இல்லை, பிள்ளைகளுக்கு. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அப்போது வேகம் சுழி, ஆகவே முடுக்கமும் சுழிதானே என்கிறார்கள். வேகம் வேறு, வேகம் மாறுவது வேறு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இதற்கு ஏதாவது காட்ட முடியுமா?

ஓட்டைப்புட்டி:

முடியும். ஒரு பிளாஸ்டிக் புட்டியின் அடிப்பக்கம் பக்கவாட்டில் சின்ன ஓட்டை போட்டு, விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும். அப்படியே புட்டியைக் கைவிடுங்கள். விழும் நேரம் முழுக்க ஒரு சொட்டு வெளியே வராது. தண்ணீர் ஓட்டை வழியாகப் பீய்ச்சியது மேலே இருக்கும் தண்ணீர் கீழே இருப்பதை அழுத்தியதால்தான். புட்டியும் தண்ணீரும் ஒரே முடுக்கத்தில் விழும்போது எதுவும் எதையும் அழுத்துவதில்லை.

இது பலருக்குத் தெரியும். ஆனால் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அடுத்து அந்தப் புட்டியை மேல்நோக்கி எறியுங்கள். கை தள்ளும்போது தண்ணீர் இன்னும் வேகமாகப் பீய்ச்சும். கையை விட்டுப் பிரிந்த அந்தக் கணமே நின்றுபோகும். புட்டி ஏறும்போதும் வராது, உச்சியிலும் வராது, இறங்கும்போதும் வராது. சாய்வாக ஒருவருக்கொருவர் எறிந்து பிடித்தாலும் அப்படியேதான். புட்டி சுழலாமல் எறிய மட்டும் பழகிக்கொள்ளுங்கள். உச்சியில் முடுக்கம் சுழியாகியிருந்தால் தண்ணீர் அந்தக் கணத்தில் மீண்டும் பீய்ச்சியிருக்க வேண்டுமே என்று கேளுங்கள். கை விட்டதிலிருந்து மீண்டும் தொடும்வரை எல்லாமே ஒரே நிலைதான், மேலே போவதும் ‘விழுவது’தான் என்பது இதில் தெரிகிறது. செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்துவிட்டால் சண்டையே வராது.

செல்போனையே கருவியாக்கவும் செய்யலாம். ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி உள்ளே இருக்கும் முடுக்கமானியின் அளவை வரைபடமாகக் காட்டும். போனை மெத்தை மேல் போட்டால், விழும் நேரத்தில் கோடு சுழிக்குப் பக்கத்தில் போய்விடும்.

கல்லெறி:

புட்டி சரி. போன் வேண்டாம் என்பேன், குறைந்தபட்சம் ஆரம்பத்தில். மேசை மேல் சும்மா கிடக்கும் போன் 9.8 (ஈர்ப்பு முடுக்கத்தின் அளவு, மீ/விநாடி²) காட்டுகிறது, விழும்போது சுழி காட்டுகிறது. விழும்போது முடுக்கம் 9.8 என்று இவ்வளவு நேரம் படித்த பிள்ளைக்கு இது தலைகீழாகத் தெரியும். ஏற்கெனவே புரிந்திருந்ததும் குழம்பிப்போகும்.

ஓட்டைப்புட்டி:

அந்தத் தலைகீழைத்தான் காட்ட வேண்டும் என்பேன். உள்ளே இருப்பது ஒரு சின்ன நிறை, அதைத் தாங்கும் நுண்ணிய சுருள் போன்ற அமைப்பு. அந்தத் தாங்கல் எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது. மேசை தாங்கும்போது வளைகிறது. யாரும் தாங்காதபோது வளைவதில்லை. நமக்கு எடை என்று உணர்வில் படுவதும் தரையின் தாங்கல்தான். இதைச் சொல்லாமல் விட்டால், விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள் என்ற தவறு கடைசிவரை போகாது. ஆனால் முதல் நாளே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், புட்டிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கீல்முனை:

எல்லாம் ஒரே மாதிரி விழும் என்று நம்பவைத்த பிறகு, அதைக் கலைக்கவும் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள்.

ஒரு மீட்டர் ஸ்கேலின் ஒரு முனையை மேசையில் ஊன்றி நழுவாமல் பிடித்துக்கொள்ளுங்கள், மறுமுனையை விரலால் தாங்கிக் கிடையாக வையுங்கள். நீளம் முழுக்க வரிசையாக நாணயங்களை அடுக்குங்கள். விரலை எடுங்கள். ஊன்றிய முனைக்கு அருகே உள்ளவை ஸ்கேலோடு ஒட்டியே இறங்கும். தூரத்து முனையில் உள்ளவை ஸ்கேலை விட்டுப் பிரிந்து காற்றில் தங்கிவிடும், ஸ்கேல் அவற்றைவிட வேகமாகக் கீழே போய்விடும்!

முனையின் முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு. பிரிகிற இடம் மூன்றில் இரண்டு பங்கு நீளம், அதாவது 67 செ.மீ. அருகே. ஸ்லோ மோஷனில் பளிச்சென்று தெரியும்.

கேட்டுப்பார்:

ஈர்ப்பைவிட வேகமாக எப்படி விழும்? அப்படியானால் கூடுதலாக இழுப்பது எது?

கீல்முனை:

ஸ்கேலின் ஒவ்வொரு துண்டும் தனியாக விழவில்லை, ஒன்றோடொன்று பிணைந்திருக்கிறது. ஊன்றிய முனைக்கு அருகே உள்ள பகுதி தன்னிச்சையாக விழ முடியாமல் மெதுவாக இறங்குகிறது. அது இறங்க விரும்பும் அளவில் மிச்சமாவது, ஸ்கேலின் விறைப்பு வழியாக வெளிமுனையைக் கீழே தள்ளுகிறது. நாணயத்தை அப்படித் தள்ள யாரும் இல்லை, அது வெறும் ஈர்ப்பில் விழுகிறது. உயரமான செங்கல் புகைபோக்கியை அடியில் தகர்த்துச் சாய்க்கும்போது தரையைத் தொடுமுன்பே நடுவில் உடைவதும் இதே காரணத்தால்தான். எல்லாம் ஒரே மாதிரி விழும் என்ற விதிக்கு, ‘ஈர்ப்பைத் தவிர வேறெதுவும் தொடாதபோது’ என்ற நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

நீர்த்தாரை:

எறிபொருள் பக்கம் யாரும் சரியாக வரவில்லையே. பந்தை எறிந்தால் பாதை ஒரு நொடியில் மறைந்துவிடும். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பீய்ச்சினால் பாதை முழுவதும் காற்றிலேயே நிற்கும், பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்துக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் பரவளையம் வந்துவிடும். குழாயைத் திறந்த அளவிலேயே வைத்துக்கொண்டு கோணத்தை மட்டும் மாற்றுங்கள். 30 பாகையிலும் 60 பாகையிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். ஒன்று தாழ்வாகச் சீக்கிரம் போகும், மற்றது உயர்ந்து சாவகாசமாக வரும். 15 பாகையும் 75 பாகையும் அப்படியே, ஆனால் 45 பாகையில் போன தூரத்தில் பாதிதான் வரும். 45 பாகையில் உச்சி உயரம் தூரத்தில் நான்கில் ஒரு பங்கு. இதெல்லாம் குழாய் முனையும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான், ஆகவே முனையைத் தரையோடு வையுங்கள்.

45 பாகைதான் எப்போதும் அதிக தூரம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதை உடையுங்கள். குண்டு எறிபவர் தோள் உயரத்துக்கு மேலிருந்து எறிகிறார். 2 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் எறிந்தால் சிறந்த கோணம் 42 பாகை. நிஜத்தில் வீரர்கள் அதைவிடத் தாழ்வாகத்தான் எறிகிறார்கள், ஏனென்றால் கோணம் கூடக்கூட கையால் கொடுக்க முடிகிற வேகம் குறைகிறது. உடம்பும் கணக்கில் வருகிறது.

கல்லெறி:

காற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளிப் புத்தகத்தில் ‘காற்றுத்தடையைப் புறக்கணிக்க’ என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். காற்று இல்லாவிட்டால் 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மழைத்துளி விநாடிக்கு 198 மீட்டர் வேகத்தில் தலையில் இறங்கும், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். நிஜத்தில் பெரிய துளிகூட விநாடிக்கு 9 மீட்டர் அளவில்தான் வருகிறது. காற்றுத்தடை எடைக்குச் சமமானதும் வேகம் அதற்குமேல் கூடாமல் நிற்கும் முற்றுத் திசைவேகம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

செய்து காட்ட, கேக் சுடும் மெல்லிய தாள் கிண்ணம் வாங்குங்கள். வாய் மேலே பார்க்கும்படி விட்டால் புரளாமல் நிதானமாக இறங்கும். நான்கை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் உருவம் அதே, எடை நான்கு மடங்கு. இப்போது ஒற்றைக் கிண்ணத்தை 1 மீட்டரிலிருந்தும் நான்கு கிண்ணத்தை 2 மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விடுங்கள். சேர்ந்து வந்து விழும். தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் எடை நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான். தாளும் புத்தகமும் காட்டிவிட்டு ‘காற்றுதான் காரணம்’ என்று வாயால் சொல்வதைவிட, காற்றும் விதிப்படிதான் நடக்கிறது என்று காட்டுவது நல்லது.

சாய்தளம்:

அப்புறம் ஸ்கேல் பிடிக்கும் விளையாட்டு. ஒருவர் மேல்முனையைப் பிடிக்க, மற்றவர் கீழ்முனையில் விரல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, விட்டதும் பிடிக்க வேண்டும். 15 முதல் 25 செ.மீ. நழுவிய பிறகுதான் பெரும்பாலோர் பிடிப்பார்கள், அதாவது 0.17 முதல் 0.23 விநாடி. விழும் ஸ்கேலே கடிகாரமாகிவிட்டது பாருங்கள். 7.5 செ.மீ. மட்டும் நழுவ இடம் கொடுத்தால் 0.12 விநாடிதான் கிடைக்கும், அனுமானித்து முன்கூட்டியே மூடினால் ஒழியப் பிடிக்க முடியாது.

கேட்டுப்பார்:

விளையாட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. கூடைப்பந்து வீரர்கள் குதித்து மேலே கொஞ்ச நேரம் ‘நிற்கிறார்கள்’ என்று ஒரு பையன் அடித்துச் சொல்கிறான். வீடியோவும் காட்டுகிறான்.

நட்டும்நூலும்:

நிற்பதில்லை, ஆனால் அவன் பார்ப்பது பொய்யும் இல்லை. 60 செ.மீ. குதித்தால் காற்றில் இருப்பது மொத்தம் 0.70 விநாடி. அதில் சரிபாதி, 0.35 விநாடி, மேலே உள்ள கடைசி 15 செ.மீ.யில் கழிகிறது. உயரத்தில் கால் பங்கு, நேரத்தில் அரைப் பங்கு. எவ்வளவு உயரம் குதித்தாலும் இந்த விகிதம் மாறாது. அவனுடைய வீடியோவையே ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி இடுப்பின் உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள், வளைந்து கால் மடக்குவதால் தலையைக் குறித்தால் ஏமாற்றும்.

கேட்டுப்பார்:

கடைசியாக ஒன்று. ஓட்டைப்புட்டி சொன்ன விண்வெளி நிலைய விஷயம். அங்கே ஈர்ப்பு இருக்கிறது என்றால் எவ்வளவு? இங்கே தரையில் அந்த நிலையை எவ்வளவு நேரம் கொண்டுவர முடியும்?

ஓட்டைப்புட்டி:

400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7, இங்கிருப்பதில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு. நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, பக்கவாட்டு வேகம் அதிகமாக இருப்பதால் பூமியின் வளைவும் கூடவே விலகிப் போகிறது. பூமியின் பரப்பு 8 கிலோமீட்டருக்குச் சுமார் 5 மீட்டர் தாழ்கிறது. முதல் விநாடியில் எந்தப் பொருளும் விழுவது 4.9 மீட்டர். விநாடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் எறிந்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

தரையில் என்றால், ஜெர்மனியின் பிரேமன் நகரில் 146 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்த குழாயில் ஆய்வுப் பெட்டகத்தை 110 மீட்டர் விழவிடுகிறார்கள், 4.74 விநாடி கிடைக்கிறது. அதையும் நட்டு நூல் கணக்கிலேயே சரிபார்க்கலாம், 4.74 ஐ அதே எண்ணால் பெருக்கி 4.9 ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பிறகு அங்கே பெட்டகத்தை மேலிருந்து விடாமல் அடியிலிருந்து மேல்நோக்கி எறியவும் ஒரு கவண் வைத்திருக்கிறார்கள், எதற்கு என்று கேளுங்கள். புட்டியை மேலே எறிந்து பார்த்த பிள்ளை, நேரம் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று சொல்லிவிடும். 9 விநாடிக்கு மேல் கிடைக்கிறது.